இரு மதகுகளும் திறவாத வழக்கு

ஸ்வஸ்தி. செங்கழனி நாடாளும் கோப்பெருமான் திருவிறலார் ஆணைப்படி, அமைச்சன் காரிநக்கன், தென்கரைக் கோட்டத் தலைவர் மழவராயருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டத்தில் மழையும் மக்களும் அளவோடு வாழ்க.

நீலியாற்றுக் கரை உடைந்து ஆலங்குறிச்சி அழிந்த வழக்கில், மேல்மதகுக் காவலன் எயினனையும் கீழ்மதகுக் காவலன் பொறையனையும் கழுவேற்ற ஒப்புதல் கேட்டிருந்தீர். அரசர் அவ்வழக்கை விசாரிக்க அனுப்பியது பெருங்கழகத்துக் கூத்தநங்கையாரை. ஒருவரையொருவர் காணாத தொலைவில் பலர் கூடிச் செய்யும் வேலை எங்ஙனம் கைகூடுகிறது, எங்ஙனம் குலைகிறது என்பதே அவ்வம்மையாரின் ஆய்வு. அதனால் யாருக்கு என்ன பயன் என்று அவையில் பலர் நகைத்ததுண்டு. மறுமொழி சொல்லி அவர் களைத்துப்போயிருந்தார்.

சிறையில் பொறையன், மேலே இருந்தவன் உறங்கிவிட்டான் என்றான். எயினனோ, “நான் தூங்கவில்லை தாயே. கீழ்மதகு முரசு எப்போது கேட்கும் என்று காது அங்கேயே கிடந்தது” என்றான்.

அம்மையார், மேல்மதகை ஆளும் வடகரை, கீழ்மதகை ஆளும் தங்கள் தென்கரை ஆகிய இரு கோட்டங்களின் ஆணைகளையும் கேட்டார். தத்தம் ஆணையைப் பிறருக்குக் காட்டுவது மரபன்று என இரு கோட்டத்தாரும் மறுத்தனர்; அரச முத்திரை காட்டிய பின்னரே தந்தனர். கீழூர் வயல்கள் மூழ்காதிருக்க, கீழ்மதகு திறந்த முரசு கேட்ட பின்னரே மேல்மதகு திறக்க என்றது வடகரை ஆணை. தேக்கிய நீர் வீணாகாதிருக்க, மேல்மதகு திறந்த முரசு கேட்ட பின்னரே கீழ்மதகு திறக்க என்றது தங்கள் ஆணை. தனித்துப் படித்தால் இரண்டும் நல்ல ஆணைகளே.

அவர் கழக முற்றத்துச் சுவரின் இருபுறமும் மாணாக்கரை நிறுத்தி, ஒவ்வொரு புறத்தார்க்கும் ஓர் ஆணை மட்டும் தந்து, முற்றத்துத் தொட்டியில் நீர் விடச் செய்தார். நீர் வழிந்து கணுக்காலை நனைத்தது. இருபுறமும் செவி கொடுத்து நின்றார்களேயன்றி எவரும் தம் பக்கத்து மடையைத் திறக்கவில்லை. அதைக் கண்டிருந்த அம்மையாருக்கு, கண்டுபிடித்த மகிழ்ச்சி சற்றும் எழவில்லை.

பின்பு சிறைக்குச் சென்று, இருவர் மேலும் குற்றமில்லை என்றார். பொறையன் அழுதான். எயினன் அழவில்லை. “என் வீட்டுக்காரி ஆலங்குறிச்சியில் இருந்தாள் அம்மா. என் மேலும் குற்றமில்லை, அவன் மேலும் இல்லை என்றால், நான் யாரை நோவது?” என்றான். அக்கேள்வியை அம்மையார் அவையில் சொன்னபோது அரசர் தலைகுனிந்தார்.

ஆகவே இரு கோட்டங்களுக்கும் ஆணையாவது: இருவரையும் இவ்வோலை கண்டவுடன் விடுவிக்க. இனி நீர் மதகருகே நட்ட குறிக்கல்லின் கீழ்க்குறியைத் தொட்டவுடன், எவர் ஒலிக்கும் காத்திராமல், கீழ்மதகு முதலில் திறக்க. மேல்மதகு அதன் முரசுக்குச் சிறிது பொறுக்க. நீர் மேற்குறியைத் தொட்டும் முரசு கேளாதாயின், கேட்டதாகவே கொண்டு திறக்க. இரு கோட்டத்து ஆணைகளையும் கழகம் சேர்த்துப் படிக்காமல் எந்த மதகிலும் புதிய ஆணை செல்லாது.

எயினன் வேறெதுவும் வேண்டவில்லை; மீண்டும் மேல்மதகுக்கே அனுப்பக் கேட்டான். அனுப்புக. வரும் மழையில் அவன் திறக்கும்போது, யாரைக் கேட்டுத் திறந்தாய் என்று அவனை ஒருவரும் வினவற்க.

இது அரசர் திருவாய்மொழி. மீன்கொத்தி முத்திரை இட்டோம்.