கட்டைவிரல் என்று எனக்கொரு பெயர்

இன்று காலை வேப்பந்தட்டை பஸ்ஸில் இருந்தபோது போனுக்கு ஒரு வீடியோ வந்தது. எங்கேயோ ஏரி உடைந்து ஊருக்குள் தண்ணீர் வருகிறதாம். ஓர் ஆண் குரல் பதறியது. என் கட்டைவிரல் தானாகப் போய்ச் சத்தத்தை நிறுத்தியது. உடனே நீ நினைவில் வந்துவிட்டாய். என் கண் நிறைந்ததைப் பார்த்த பக்கத்து சீட்டு அம்மா, "எந்த ஊரு ஏரிம்மா?" என்று பதறினார். அவருக்கு நான் என்ன சொல்ல? நீ இறந்து இது இரண்டாவது மழைக்காலம்.

பெரம்பலூரில் நம் சனிக்கிழமை வகுப்பில் காது கேளாத பெண்பிள்ளைகள் பதினோரு பேர். போனில் வருவதில் எது உண்மை, எது கட்டிவிட்ட கதை என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தோம். நீயும் காது கேளாதவள். பாடம் நடத்துவது நீதான். வீடியோவில் பேசுவதைச் சைகையில் சொல்வது என் வேலை. எனக்குக் காது கேட்கும் என்ற மிதப்பு கொஞ்சம் இருந்தது. இல்லையென்று சொன்னால் நீயே சிரிப்பாய்.

அந்த மிதப்புதான் காலை வாரியது. பிள்ளை பிடிப்பவர்கள் நம் பக்கம் வந்துவிட்டதாக ஒரு தாய் கதறும் வீடியோ. கேட்டதும், கொஞ்சமும் யோசிக்காமல், பெற்றோர் குழுவில் நானே போட்டுவிட்டேன். அந்த வாரம் வகுப்புக்கு வந்தது மூன்றே பேர்.

நீ என் போனை வாங்கிப் பார்த்தாய். உனக்கு ஏது கதறல்? "அவ வாயப் பாரு. மூடியே இருக்கு. அப்ப அழுவுறது யாரு?" என்று கையால் கேட்டாய். பின்னால் தெரிந்த கடைப் பலகையில் ஓர் எழுத்துகூடத் தமிழ் இல்லை. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"குழுவுல எழுதுனா பத்தாது. வூடு வூடா போவணும்" என்றாய். நான் ஸ்கூட்டர் ஓட்ட, நீ பின்னாலிருந்து என் தோளைத் தட்டி வழி சொன்னாய். இடது தோள் என்றால் இடப்பக்கம். எட்டு வீடுகளில் ரஞ்சன்குடி ஊர்ப் பிள்ளையின் அப்பா ஒருவர்தான் பிடிகொடுக்கவில்லை. "அவளால கத்திக் கூப்பிடக்கூட முடியாதுங்க. தூக்கிட்டுப் போனா நான் என்னங்க பண்ணுவேன்?" என்றார். அவர் மகள் கதவோரம் நின்று உன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் அவசரத்தால் இந்தப் பெண் வீட்டோடு முடங்கிவிடுவாளோ என்று பயந்தேன்.

நீ சத்தத்தை நிறுத்தி, போனை அவர் கையில் கொடுத்தாய். இரண்டு தடவை பார்த்தார்.

"இதப் போட்டது யாருங்க?"

"நான்தாங்க. தப்புப் பண்ணிட்டேன்."

"காது நல்லா கேக்குறவங்கதானே நீங்க?" என்றார். அடுத்த சனிக்கிழமை அவரே மகளைக் கொண்டுவந்து விட்டார்.

காது கேளாதவர்கள் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் சைகையிலேயே ஒரு பெயர் உண்டு. அதை அவர்கள்தான் வைக்க வேண்டும். எனக்கு அதுவரை யாரும் வைத்திருக்கவில்லை. அன்று அந்த ரஞ்சன்குடிப் பெண் கட்டைவிரலால் தன் உள்ளங்கையை அழுத்தி என்னைக் காட்டினாள். போனில் சத்தத்தை நிறுத்து என்று அர்த்தம்; காதை நம்பி ஏமாந்தவளுக்கு அதுவே பெயர். எல்லோரையும்விட அதிகம் சிரித்தவள் நீ.

இப்போதும் ஸ்கூட்டரில் போகும்போது தோள் உன் தட்டலுக்குக் காத்திருக்கிறது. நீ பாடம் நடத்துவதை நான் எடுத்த வீடியோ ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் ஃபேன் ஓடும் சத்தம் மட்டும்தான். அதையும் நிறுத்திவிட்டுத்தான் பார்க்கிறேன். கடைசியில் நீ என் பக்கம் திரும்பி, கட்டைவிரலை உள்ளங்கையில் அழுத்தி, வா என்று கூப்பிடுகிறாய். ஒவ்வொரு முறையும் போனைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் பதில் சொல்கிறேன்: இதோ வரேன்.