குதிகால் இரண்டும் சுத்தம்

டோலிவர் மலை,
ஏப்ரல் 11, செவ்வாய்

அன்புள்ள நோரீனுக்கு,

வில்டா எழுதுகிறேன். உறையின் மேல் என் எழுத்தைப் பார்த்ததும் குப்பையில் போடாமல் இதுவரை வந்துவிட்டாய் என்றால் அதற்கே நன்றி. நான்கு வருஷத்தில் உனக்கு ஆறு கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. குறை சொல்லவில்லை. நானாக இருந்தால் கிழித்துத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

இங்கே என் வீட்டுக்காரர் டெல்மருக்கு மூச்சிரைப்பு அப்படியேதான் இருக்கிறது. சுரங்கம் கொடுத்தது எங்கே போகப் போகிறது? உன் பழைய வீட்டில் இப்போது ஒரு பாஸ்டர் குடும்பம். நீ வைத்த ரோஜாவையெல்லாம் பிடுங்கிவிட்டு கார் நிறுத்த இடம் போட்டிருக்கிறார்கள். டூசானில் ஏதோ ஹோட்டலில் சலவைக்கூடத்தில் இருக்கிறாய் என்று உன் அண்ணி சொன்னாள். இருபத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்தவள் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருக்கிறாள்.

சரி, சுற்றி வளைக்கவில்லை. மார்லீன் மாட்டிக்கொண்டாள். மாட்டிவிட்டது நான்.

முதலிலிருந்து எழுதுகிறேன். பாதி உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் நர்ஸ் உரிம வாரியத்து விசாரணை அதிகாரியிடம் நான் சொன்னது எதுவோ அதையே உன்னிடமும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். முதியோர் இல்லத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் ஒரு நாளைக்குள் அவரைத் தலை முதல் கால் வரை பார்த்து எழுத வேண்டியது பெரிய உரிமம் உள்ள நர்ஸ். உன்னையும் என்னையும் போன்ற சின்ன உரிமக்காரிகள் மாத்திரை கொடுக்கலாம், புண்ணுக்குக் கட்டுப் போடலாம், கண்ணில் பட்டதைப் பெரியவளிடம் போய்ச் சொல்லலாம். அந்த முதல் பரிசோதனையை மட்டும் செய்யக் கூடாது. சட்டம் அப்படி. நம் இல்லத்தில் பெரிய உரிமம் இருந்தது தலைமை நர்ஸ் மார்லீனிடம் மட்டும்தான். நடந்தது என்ன? நாம் பார்த்து, நாம் எழுதுவோம். அவள் வெள்ளிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து கட்டாகக் கையெழுத்துப் போடுவாள். அந்தப் படிவத்தில் இருக்கும் ஆளின் முகம்கூட அவளுக்குத் தெரியாது.

எஃபி டர்னர் வந்த அன்றும் அதேதான். அந்த அம்மாளின் குதிகாலில் நகம் அளவுக்குக் கறுப்பாக இருந்ததைக் கண்டது நீ. எழுதி வைத்தது நீ. மேசையிலிருந்து மார்லீனுக்கு உடனே போன் போட்டதும் நீ. அவள் முடி அலங்காரக் கடையில் இருந்தாள். “செருப்பு கடிச்சிருக்கும். எல்லாத்துக்கும் ஏன் இப்படிப் பதறுறே? திங்கக்கிழமை வந்து பாக்கறேன்” என்றாள். திங்கட்கிழமை வந்தாள், பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் எஃபியின் காலை வெட்டி எடுத்தார்கள். பிறகு எஃபியும் போய்விட்டார். அவர் மகன் புகார் கொடுத்ததும் மார்லீன் வாரியத்தில் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னது உனக்கு மறந்திருக்காது. “எனக்கு யாருமே போன் பண்ணலைங்க. அவங்களாவே தகுதிக்கு மீறிப் பரிசோதனை பண்ணிட்டாங்க.” படிவத்தில் உன் எழுத்து இருந்தது, அதில் மட்டும் அவள் கையெழுத்துப் போடாமல் விட்டிருந்தாள். உன் உரிமம் போயிற்று.

நீ ஊரை விட்டுப் போன மறு வாரமே அவள் முறையை மாற்றினாள், அது உனக்குத் தெரியாது. எங்களைக் கூட்டி வைத்து, “இனிமே படிவத்துல உங்க எழுத்தே வரக் கூடாது. துண்டுச் சீட்டுல குறிச்சுக் குத்தி வைங்க, நான் என் கையால எழுதிக்கறேன். எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்மா” என்றாள். எழுதி முடித்ததும் சீட்டையெல்லாம் கிழித்துப் போட்டுவிடுவாள். தடயமே இருக்காது. கெட்டிக்காரிதான். ஆனால் சில நாள் சீட்டு விழுந்துபோகும். அப்போது எழுந்து போய் அந்த ஆளைப் பார்ப்பாள் என்றா நினைக்கிறாய்? மனப்பாடமாக வைத்திருக்கும் நாலைந்து வரியை எழுதிக் கையெழுத்துப் போடுவாள். இதை இரண்டு வருஷத்துக்கு முன்பே பார்த்துவிட்டேன். வாயைத் திறக்கவில்லை. வந்து சேர்ந்த ஒவ்வொருவரின் குதிகாலையும் நானே இரண்டு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டு, என் நேரத்துக்காகக் காத்திருந்தேன்.

அது ஜனவரியில் வந்தது. ஆர்வில் ஸ்டாம்பர் என்று எண்பத்தோரு வயது ஆள், ஒரு செவ்வாய்க்கிழமை வருவதாக ஏற்பாடு. ஆபீஸில் பேரும் தேதியும் அடித்துக் கோப்பு தயார் பண்ணிவிட்டார்கள். கிளம்புகிற நேரத்தில் கிழவர் தன் வீட்டு வாசல் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டாராம். “செத்தாலும் இந்தத் தூணோட சாவேன், அங்க வர மாட்டேன்” என்றாராம். மகள் ஒரு மணி நேரம் மன்றாடிவிட்டு, வரவில்லை என்று எங்களுக்குப் போன் போட்டுச் சொன்னாள். ஆபீஸ்காரி என்னிடம், “அந்தக் கோப்பை எடுத்துப் போட்டுடு வில்டா” என்றாள். சரி என்றேன், எடுக்கவில்லை. ஒரு எழுத்துகூட நான் எழுதவில்லை, நோரீன். வெள்ளிக்கிழமைக் கோப்புக் கட்டுக்குள் நாலாவதாக இருக்க விட்டேன், அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் அவள் ஒரு கையில் பெப்பரோனி ரொட்டியைக் கடித்துக்கொண்டு மறு கையால் எழுதினாள். நான் மருந்து வண்டியைத் துடைப்பதுபோல் பக்கத்திலேயே நின்றேன். நாலாவது கோப்பு வந்தது. சீட்டு இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள், இல்லை. பேனா ஒரு நொடி நின்றது. தலையைத் தூக்கி, இந்த ஆள் எந்த அறை என்று யாரையாவது கேட்டிருந்தால் தப்பித்திருப்பாள். கேட்கவில்லை. எழுதினாள். ‘நினைவு தெளிவு. மூச்சு சீர். நன்றாகச் சாப்பிடுகிறார். தோலில் காயம் இல்லை. குதிகால் இரண்டும் சுத்தம்.’ கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். வீட்டுக்குப் போய் வாரியத்துக்கு ஒரு பக்கம் எழுதிப் போட்டேன். ஆர்வில் ஸ்டாம்பர் என்பவரின் கோப்பைக் கேட்டுப் பாருங்கள், பிறகு அவர் வீட்டுக்குப் போய் அவரையும் பாருங்கள் என்று எழுதினேன்.

போன மாதம் பீபிள்ஸ் என்று ஒரு விசாரணை அதிகாரி வந்தார். பார்த்தால் மெத்தைக் கடைக்காரர் மாதிரி இருப்பார். கோப்பை எடுத்து வரச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார்கள். கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றேன். இந்தக் கையெழுத்து யாருடையது என்று கேட்டார். தன்னுடையது, நேரில் பார்த்துத்தான் எழுதியது என்றாள் மார்லீன். அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று கேட்டார். “ரொம்ப அமைதியான மனுஷருங்க. எப்பவும் சிரிச்ச முகம். ரெண்டு நாள்லயே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, எங்களுக்கெல்லாம் கஷ்டமாப் போச்சு” என்றாள். அவர் மெதுவாகக் கோப்பை மூடினார். “இன்னிக்குக் காலைல அவர் வீட்டு வாசல்ல உக்காந்து காபி குடிச்சிட்டுத்தான் வர்றேன் மேடம். உங்க கட்டடத்துக்குள்ள கால் வெச்சதே இல்லைங்கறாரு. அமைதியான ஆளும் இல்லை. என்னையே ரெண்டு தடவை திட்டிட்டாரு” என்றார்.

மார்லீன் முகம் வெளுத்ததை நான் நின்று நிதானமாகப் பார்த்தேன். கண் கொட்டாமல் பார்த்தேன். பாவம் என்று அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம். எழுந்து வெளியே வந்து காரில் உட்கார்ந்துகொண்டேன். விசாரணை முடியும்வரை அவள் உரிமத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவள் அறைக் கதவிலிருந்து பேர்ப்பலகையைக் கழற்றியபோது திருகாணி ஒன்று வரமாட்டேன் என்றது. நானே போய்த் திருப்புளி கொண்டு வந்து கொடுத்தேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது கார் பக்கத்தில் என்னை மடக்கினாள். “உனக்கு நான் என்னடி பண்ணேன்? உன்னை நான் காப்பாத்துனேனே” என்றாள்.

காப்பாற்றினாள்தான், நோரீன். இதைத்தான் அந்த ஆறு கடிதத்திலும் எழுத முயன்று, வானிலையைப் பற்றி எழுதி முடித்தேன். உன் விசாரணைக்கு முந்தின நாள் அவள் என் மேசையில் பதினெட்டுப் படிவங்களைக் கொண்டுவந்து வைத்தாள். எல்லாம் முதல் பரிசோதனை, எல்லாம் என் எழுத்து. “இதெல்லாம் யாரு எழுதினதுன்னு வாரியம் கேட்டா என்ன சொல்லட்டும் வில்டா?” என்று அன்பாகக் கேட்டாள். மறுநாள், நீ மார்லீனுக்குப் போன் போட்டுப் பேசியது என் காதில் விழுந்ததா என்று என்னைக் கேட்டார்கள். ஞாபகம் இல்லை என்றேன். நான் அந்த மேசையில்தான் இருந்தேன், உன் முழங்கை என் மேல் பட்டுக்கொண்டிருந்தது. அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. கடையில் முடி உலர்த்துகிற இயந்திரம் இரைந்ததுகூடக் கேட்டது.

பீபிள்ஸிடம் இதையும் சொல்லிவிட்டேன். பதினெட்டையும் சொன்னேன், அதற்குப் பிறகு எழுதிய சீட்டுகளையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “இதைப் பதிவு பண்ணா உங்க உரிமமும் போயிடும், தெரியும் இல்லையா?” என்றார். எழுதுங்கள் என்றேன். பழி தீர்க்க வேண்டிய ஆட்களில் மார்லீனுக்கு அடுத்து என் கணக்கில் இன்னொருத்தி பாக்கி இருந்தாள். அவளையும் விடவில்லை. டெல்மர் இரண்டு நாள் வரவுசெலவைக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். மூன்றாம் நாள், “சரி, கோழி வளப்போம்” என்றார். எனக்குக் கோழி என்றாலே ஆகாது என்று அவருக்கும் தெரியும்.

உன் வழக்கை ஜூன் 13 அன்று தலைநகரில் மறுபடி எடுக்கிறார்கள். உனக்கும் வாரியத்திலிருந்து கடிதம் வரும், கிழித்துவிடாதே. கட்டாயம் வா. என் வீட்டில் தங்க வேண்டாம், என்னோடு சாப்பிட வேண்டாம், ஒரு வார்த்தை பேசவும் வேண்டாம். உன் லாக்கரில் விட்டுப் போன வெள்ளை ஷூவை இத்தனை நாள் நான்தான் வைத்திருந்தேன். புது நாடா போட்டு அண்ணியிடம் கொடுத்திருக்கிறேன், அதைப் போட்டுக்கொண்டு வா. முதல் வரிசையில், எனக்கு நேரே உட்கார். போன தடவை நான் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன்.

ஆண்டவர் உன் கைகளை உனக்குத் திருப்பிக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
எல்லாம் ஞாபகம் இருக்கிற
வில்டா