காம்பு இரண்டுதான்

சிறுவாபுரி முருகன் துணை

கவரைப்பேட்டை,
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஹேமாவின் அப்பாவுக்கு சம்பூர்ணம் எழுதுவது. நானும் ஹேமாவதியும் முருகன் புண்ணியத்தில் நலம். உங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன்.

மணவாளன் அண்ணன் லீவு முடிந்து குவைத் திரும்புகிறார். அவர் கையில் எலுமிச்சங்காய் ஊறுகாயும் இந்தக் கடிதமும் கொடுத்திருக்கிறேன். ஊறுகாயை ரூமில் எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்துவிட்டு வெறும் சோறு தின்னாதீர்கள். ஹேமா பொன்னேரி காலேஜுக்கு ரயிலில் போய் வருகிறாள். படிப்பில் குறையில்லை.

இனி ஆட்டு விஷயம். நம் ஆடுகள் மூன்று மூன்றாகக் குட்டி போட்டதைக் கேட்டு நீங்கள் ரூமில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தீர்களாம். மணவாளன் அண்ணன்தான் சொன்னார். போட்டது எத்தனை என்று கேட்டீர்கள், சொன்னேன். பிழைத்து நின்றது எத்தனை என்று நீங்கள் கேட்கவில்லை.

ஆராய்ச்சிப் பண்ணையில் ரத்தம் சோதித்து, இரட்டைக் குட்டிக்கு என்று கொடுத்த கடாவை நீங்கள் கொண்டுவந்து விட்ட வருஷம், நம் சிவப்புச் செம்மறிப் பெட்டைகள் வழக்கம்போல ஒவ்வொன்றுதான் போட்டன. ஏமாற்றிவிட்டார்கள் என்று திட்டினீர்கள். அதன் மகள்கள் வளர்ந்து இரட்டைக் குட்டி போட்டதும் கடா சாமியாகிவிட்டது. கொம்பில் மஞ்சள் துணி கட்டினீர்கள். ராசியான கடாவை வெளியே கொடுத்தால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பது உங்கள் வீட்டு நம்பிக்கை. அதனால் அதே கடாவை அதன் மகள்களோடும் சேர்த்தீர்கள்.

கால்நடை டாக்டர் சுமலதா அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டார். "கடா நேரா ரெண்டு குட்டியைக் குடுக்காதும்மா. கருமுட்டை ரெண்டா முதிர்ற மரபணுவை அதோட பொண்ணுங்களுக்குக் குடுக்கும். அம்மாகிட்ட ஒண்ணு, அப்பன்கிட்ட ஒண்ணுன்னு ரெண்டு பக்கமும் வாங்கினது மூணு போடும், நாலும் போடும். உங்க மேய்ச்சலுக்கு அது தாங்குமா?" என்று கேட்டார். உங்களிடம் சொன்னேன். "டாக்டருக்கு இன்னா தெரியும்" என்றீர்கள்.

அப்படிப் பிறந்த பேத்திகளில் சிலதுதான் இந்த ஆடியில் மூன்று போட்டன. ஒன்று நான்கு. பூனைக்குட்டி மாதிரி கிடந்தன. ஏரிக்கரைக்குப் பக்கத்து மேய்ச்சலையெல்லாம் கம்பெனிக்காரன் மதில் கட்டி அடைத்துவிட்டான். லாரி நிற்கிற இடத்து ஓரப் புல்லைத் தின்கிற ஆட்டுக்கு மடியில் என்ன ஊறும்? காம்பு இரண்டுதான். மூன்றாவதைப் பிடித்து வைத்தால் தாயே உதைத்துத் தள்ளுகிறது. புட்டியில் பால் கொடுத்துப் பார்த்தேன். முருகா முருகா என்று மடியில் போட்டுக்கொண்டிருந்தபோதே கழுத்து தொங்கிவிட்டது. தாய் ஆடு ஒன்றும் போய்விட்டது.

இதைச் சொன்னபோது, "மூணுல ரெண்டு நின்னா லாபம்தானே" என்றீர்கள். ஹேமாவோடு இரட்டையாய்ப் பிறந்தவன் பால் போதாமல் இறந்துபோன அன்றைக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவில், "ஒண்ணாவது நின்னுதே" என்றீர்கள். ஆறுதலுக்குத்தான் சொல்கிறீர்கள் என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் உங்கள் தம்பி லோகு வந்து, "அண்ணன் சொல்லிக்கீது அண்ணி, இந்தப் பேத்திங்களுக்கு மறுபடியும் நம்ம கடாதான். நீ பால் புட்டியக் கழுவி ரெடியா வெச்சுக்கினு இரு" என்று சிரித்தார். "புல்லு எங்க இருக்குதுன்னு மொதல்ல காட்டு" என்றேன். "பேஜாரு புடிச்ச அண்ணி" என்று போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை லோகு ஷிப்டுக்குப் போன பிறகு, டாக்டரம்மா சொல்லி பொதட்டூர்பேட்டையிலிருந்து அருணாச்சலம் என்பவர் வண்டியோடு வந்தார். அவர் ஆடுகள் எல்லாம் ஒற்றைக்குட்டி போடுகிறவை. அறுத்த வயல் மேய்ச்சல் நிறைய இருக்கிறது. இந்தக் கடா அங்கே போனால் நல்லது செய்யும். பதிலுக்கு அவருடைய சாதாரணச் சிவப்புக் கடாவை இறக்கிவிட்டார். மஞ்சள் துணியை நானே அவிழ்த்தேன். கடா ஒரு அடமும் பிடிக்காமல் வண்டியில் ஏறியது. லட்சுமி போனாளா என்று தெரியாது. கொட்டகையில் கத்தல் குறைந்திருக்கிறது.

லோகு இதற்குள் உங்களுக்குச் சொல்லியிருப்பார், ஒன்றுக்குப் பத்தாக. உங்களைக் கேட்காமல் நான் செய்த முதல் காரியம் இது. கல்யாணமான நாளாக உங்கள் பேச்சைத் தட்டாதவள் இன்றைக்கு ஏன் தட்டினாள் என்று முருகன் கேட்டால், பதில் வைத்திருக்கிறேன். உங்களுக்கும் அந்தப் பதில் வேண்டுமென்றால் போனில் கேட்காதீர்கள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, என் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

வெயிலில் வேலை செய்யும்போது தலையில் துணி கட்டிக்கொள்ளுங்கள். முருகன் உங்களை ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் இருக்கும்
சம்பூர்ணம்