அப்பா ருசித்ததாக நீ சொன்ன ஒயின்

என் பிரியமுள்ள அண்ணா,

க்ளேர் வந்திருந்தாள். கரமனையில் நம் தெருமுனையில் ஆட்டோவிலிருந்து தனியாக இறங்கி, உன் பெயரைச் சொல்லி வீட்டை விசாரித்திருக்கிறாள். நீ இறந்துபோய் எட்டு மாதமாகிறது. உன் மனைவியை இப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன்.

பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பிரான்ஸில் அவர்கள் குடும்பத் தோட்டத்து வெள்ளை ஒயின். இனிப்பே இருக்காது, நீ கடைசியாகப் பறித்த திராட்சையில் செய்தது என்றாள். எனக்கு அப்பா முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஏழு வருஷம் முன்னால் இதே ஒயினோடு நீ வந்தாய். கல்யாணத்துக்குப் பிறகு நீ இந்த வீட்டுக்கு வந்தது அந்த ஒரு தடவைதான். உன் மாமனார் தன் கையால் செய்து, சம்பந்திக்கென்று கொடுத்தனுப்பியது. "குடிக்க வேண்டாம்ப்பா, வாசனை மட்டும் பாருங்கோ" என்று நீயே திறந்தாய். அப்பா எழுந்துவிட்டார்.

"லலிதா, இதைக் கொல்லைல கொண்டுபோய்க் கொட்டு."

கொட்டினேன். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முப்பது வயசு, ஆபீஸுக்குப் போகிறவள், எனக்கு என்ன பயம்? நீ பின்னாலேயே வந்து நின்றாய். "பாத்துடி, அங்க வழுக்கும்" என்று மட்டும் சொன்னாய். அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டாய். அதன்பின் அப்பா உன் பெயரைச் சொன்னதில்லை. நீ இறந்த செய்தி ஃபோனில் வந்த அன்றுகூடச் சொல்லவில்லை.

க்ளேருக்கு இதெல்லாம் தெரியாது. "உங்கள் அப்பா சொன்னதை என் அப்பா தோட்டத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்" என்றாள் ஆங்கிலத்தில்.

என்ன சொன்னார் என்று கேட்டேன்.

வெறும் வயிற்றில் நாரத்தங்காய்ச் சாறு குடித்த மாதிரி இருக்கிறது, ஆனால் செய்தவருக்கு நல்ல கைப்பக்குவம். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு இப்படிச் சொன்னதாக நீ அங்கே போய்ச் சொன்னாயாமே.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருஷம் ஆபீஸ் இங்கிலீஷில் பழகிய அப்பாவுக்கு அவள் சொன்னது ஒன்றுவிடாமல் புரிந்திருக்கும்.

"லலிதா, ஒரு டம்ளர் எடுத்துண்டு வா. சின்னது மதி, அது போதும்" என்றார்.

க்ளேர் விரலளவு ஊற்றினாள். அப்பா ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்தார். பிறகு அவளிடம் ஆங்கிலத்தில், "ஆமாம். அன்றைக்கு நான் சொன்னது சரிதான்" என்றார். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பா அழுது நான் கேட்டதே இல்லை, அண்ணா. அன்று கேட்டேன். க்ளேரும் கேட்டாள்.

யாருக்காக அந்தப் பொய்யைச் சொன்னாய்? அந்தப் பெரியவர் மனசு நோகக் கூடாதென்றா, இல்லை, எங்களை யாரும் குறைவாக நினைத்துவிடக் கூடாதென்றா? உன்னிடம் கேட்டிருந்தால் சிரித்து மழுப்பியிருப்பாய். அங்கே போய் என்ன சொன்னாய் என்று இந்த ஏழு வருஷத்தில் நான் கேட்டதேயில்லை.

க்ளேர் ஊருக்குத் திரும்பிவிட்டாள். அவளுக்கு மட்டும் நடந்ததை எழுதப்போகிறேன், கொட்டியது நான்தான் என்பதையும் சேர்த்து. யாருக்காகச் சொல்லியிருந்தாலும், அது எங்களை நல்லவர்களாகக் காட்டிய பொய். அவளோடு வாழ்ந்தவன் எப்படிப்பட்டவன் என்று அவளுக்கு முழுசாகத் தெரிய வேண்டும். இந்த வாரமே எழுதிவிடுவேன், அண்ணா.

உன் கூடப்பிறந்தவள்,
லலிதா