ஓர் அறிஞர் சொன்னார்

இன்று காலை பள்ளிக்கூடத்தில் ஒரு மாணவி, பிரியாவிடை விழாவில் தான் பேசப்போகும் உரையைத் திருத்தித் தரச்சொல்லி என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். முதல் வரியைப் பார்த்ததுமே சிவப்புப் பேனாவை மூடிவிட்டேன். "மலையைப் பார்க்காதே, நிரையைப் பார் என்று ஓர் அறிஞர் சொன்னார்" என்று எழுதியிருந்தாள். அது நீ சொன்னது.

என்னிடமிருந்துதான் அவள் அதைக் கற்றுக்கொண்டாள். வருஷா வருஷம் பிரியாவிடைக்குப் பேசும்போது அந்த வரியை நான் விட்டதே இல்லை. யார் சொன்னது என்பதைத்தான் ஒரு தடவைகூட ஒழுங்காகச் சொல்லவில்லை.

ஹாலிஎலவுக்கு மேலே நம் தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர் வீடுகள் சுவரோடு சுவராய் ஒட்டிய ஒரே லயத்தில் நீயும் நானும் பிறந்தவர்கள். ஐந்தாம் வகுப்போடு உன்னை நிறுத்திக் கொழுந்துக்கூடையை மாட்டிவிட்டார்கள். நான் படித்தேன். சோதனை நெருங்க நெருங்க, புத்தகத்தைத் திறந்து, மிச்சப் பக்கங்களை எண்ணிப் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். ஒரு சாயங்காலம் பீலியில் என் குடத்துக்கும் நீயே தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாய்: "மலைய நிமிந்து பாத்தா கை ஓடாது புள்ள. ஒன் நிரைய மட்டும் பாரு. நிரை முடிஞ்சா மலையும் முடிஞ்சிரும்."

காலையில் கங்காணி ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுக்கும் தேயிலை வரிசையைத்தான் நிரை என்று நீ சொன்னாய். நான் பாடங்களை அப்படிப் பிரித்துக்கொண்டேன். சோதனையில் பாஸாகி ஆசிரியர் கலாசாலைக்கும் போனேன்.

பயிற்சி முடிந்த விழாவில் எங்கள் எல்லோர் சார்பிலும் பேச என்னைத் தெரிந்தெடுத்தார்கள். நீ கங்காணியிடம் கெஞ்சி லீவு வாங்கி, இரவல் சேலையில் பஸ் ஏறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாய். என் தாளில் 'என் சிநேகிதி சொன்னாள்' என்றுதான் இருந்தது. மேடையேறிப் பார்த்தால் முன்னால் கல்வி அதிகாரிகள். அவர்களுக்குப் பின்னால், பதுளைக் கடைவீதியிலிருந்து வந்த என் தோழிகள். நான் லயத்துப் பெண் என்று அவர்களில் ஒருத்திக்கும் தெரியாது. சிநேகிதி யார், எங்கே படிப்பிக்கிறாள் என்று பிறகு கேட்பார்களே என்று பயம் வந்தது. வாய் தானாக 'ஓர் அறிஞர்' என்றது. தானாக என்று எழுதுவதும் பொய். யோசித்துத்தான் சொன்னேன். எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள். நீயும் தட்டினாய்.

பிறகு உன்னை மண்டபத்துக்குப் பின்பக்கம் கூட்டிப்போனேன், யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து. நீ சுட்டுக் கொண்டுவந்த ரொட்டியைப் பிரித்து என் கையில் வைத்தாய். நன்றாகப் பேசினேன் என்றாய். பிறகு சிரித்தபடியே, "அந்த அறிஞரும் கொழுந்து எடுத்திருப்பாரு போல" என்றாய். நான் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தேன்.

தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய அந்த ஒப்பந்தத்தில் உங்கள் வீட்டுக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்து நீங்கள் புறப்பட்ட அன்று ஹாலிஎல ஸ்டேஷனுக்கு வந்தேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். லயமே கட்டிப்பிடித்து அழுத அந்தக் கூட்டத்தில், போனதும் கடுதாசி போடு என்று மட்டும் சொன்னேன். கடுதாசி வந்தது. உன் அண்ணன் எழுதியிருந்தார், கோத்தகிரியில் காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்று.

மத்தியானம் அந்த மாணவி தாளை வாங்க வந்தாள். 'ஓர் அறிஞர்' என்பதை வெட்டி, 'கொழுந்து எடுத்த ஒரு பெண்' என்று எழுதி, உன் பெயரையும் போட்டிருந்தேன். யாரென்று கேட்டாள். என் சிநேகிதி என்றேன்.

"அப்ப ஏன் டீச்சர் இவ்வளவு நாளும் அறிஞர்னு சொன்னீங்க?"

அவளுடைய அம்மாவும் கொழுந்து எடுப்பவள்தான். மணி அடித்துவிட்டது என்று தாளைக் கையில் கொடுத்து அவளை வகுப்புக்கு அனுப்பிவிட்டேன். அவளுக்குச் சொல்லாத பதிலை உனக்கு எழுதுகிறேன். உன்னைச் சிநேகிதி என்று சொல்ல வெட்கப்பட்டேன் புள்ள. இந்த ஒரு வரியைச் சொல்வதற்கு, நீ இல்லாமல் போக வேண்டியிருந்தது எனக்கு.