நான்காவது பெயர்

அன்புள்ள அக்காவுக்கு,

போட்டி நடப்பது உறுதியாகிவிட்டது. அனுமதியில் கையெழுத்தாகிவிட்டதாகத் துறைமுக அதிகாரியே மதியம் போனில் சொன்னார். மூச்சை அடக்கிக் கயிறு வழியாகக் கடலுக்குள் இறங்கி ஏறுவதற்கு எதற்கம்மா போட்டி என்று போன மாதம் கேட்டவர், இப்போது மகளையும் அழைத்து வருகிறாராம்.

வீடு வீடாக இல்லை. கூடத்தில் கயிற்றுச் சுருள், சமையலறையில் மிதவைகள். என் வீட்டுக்காரர் விடுப்பு எடுத்துக்கொண்டு படகு வேலையெல்லாம் பார்க்கிறார். “நீ தண்ணிக்குள்ள இருக்கிற நேரந்தான் வீட்ல சத்தமில்ல, தினமும் போட்டி வையேன்” என்று கேலி வேறு.

கயிற்றின் அடியில் தொங்கும் தட்டை வெல்டர் அண்ணன் பட்டறை வேலையை ஒதுக்கிவைத்துச் செய்து கொடுத்தார். “மூச்சுக்காரி தொடுற தட்டு, கையைக் கிழிச்சிரக் கூடாது” என்று ஓரமெல்லாம் அரம் போட்டுத் தேய்த்தார்.

பெண்கள் பிரிவுக்கு நான்கு பேராவது வேண்டும் என்பது விதி. மூன்று பேர்தான் சேர்ந்தார்கள். ஏற்பாட்டோடு நிற்க நினைத்திருந்த நான், நான்காவதாக என் பெயரை எழுதினேன். எல்லாரும் கைதட்டினார்கள். மூவரில் ஒருத்தி தையல்காரி. கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் பயிற்சிக்கு வருகிறவள்.

நேற்று ஒத்திகை. தலைகீழாக இறங்கும்போது கண் கயிற்றில்தான் இருக்க வேண்டும். கீழே பார்க்க முகவாயைத் தூக்கினால் அந்த ஆழத்தில் தொண்டையும் நெஞ்சும் தாங்காது. மற்றவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். ஆனாலும் தட்டு நேராகத் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டேன். போட்டிக்காரி பார்க்கமாட்டாள், ஏற்பாட்டுக்காரிதான் பார்ப்பாள். நேராகத்தான் தொங்கியது.

மேலே வந்து துப்பினேன். எச்சிலில் இரத்தம். பாதுகாப்புக்கு நீந்திக்கொண்டிருந்தவர் திரும்புவதற்குள் அலை கலைத்துவிட்டது. சரியா என்று கேட்டார். சரி என்று கை காட்டினேன்.

இன்னும் மூச்சு விட்டால் நெஞ்சு கரகரக்கிறது. சளி என்று சொல்லியிருக்கிறேன். வெல்டர் அண்ணன் பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார்.

உண்மையைச் சொன்னால் ஒருவரும் திட்டமாட்டார்கள், அக்கா. “அட விடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்று சிரித்துக்கொண்டே கயிற்றைச் சுருட்டுவார்கள். தையல்காரியும் சிரிப்பாள். திட்டுவார்கள் என்றால் எப்போதோ சொல்லியிருப்பேன்.

நாளை காலை எட்டு மணிக்கு, போட்டிக்கான மருத்துவர் ஒவ்வொருவரையும் சோதித்து, இரத்தம் துப்பினீர்களா என்று கேட்பார். அந்தக் கேள்வியைச் சேர்க்கச் சொன்னதும் நான்தான். இல்லை என்று சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அவர் சரி என்று கையெழுத்திட்டால் ஒன்பது மணிக்குப் பெண்கள் பிரிவு தொடங்கும். இப்போதைக்கு முடிவாகாதது அது ஒன்றுதான்.

மருத்துவருடைய எண்ணை இந்த மின்னஞ்சலின் கீழே எழுதியிருக்கிறேன். எனக்குப் போன் செய்யாதே. உன்னிடமும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வேன். இங்கே எட்டு மணி ஆகும்போது உனக்கு விடிந்திருக்காது. அலாரம் வைத்துக்கொண்டு படு, அக்கா.

உன்னை நம்பி,
தங்கை