ஸ்வெட்டர் மேல் எடுத்த அளவு

அன்புள்ள மாமா,

என்னுங்க, கேட்கிறதா? நம் ஃபிரிட்ஜ் ஆடுகிறது. அதன் காலுக்கு நீங்கள் அண்டக் கொடுத்திருந்த மரத்துண்டை நேற்று உருவிவிட்டேன். திட்டாதீர்கள், காரணம் சொல்கிறேன்.

அந்தத் துண்டு எப்படி வந்தது என்று உங்களுக்கு மறந்திருக்காது. இந்த ஜனவரியில், டில்லியில் நம் மயூர் விஹார் முழுக்கப் பனியில் காணாமல் போயிருந்த ஒரு காலையில், உங்கள் ஏர் ரைஃபிளை என் கையில் கொடுத்து பால்கனியில் நிற்க வைத்தீர்கள். இருபது வருஷமாக நீங்கள் ரேஞ்சில் குறிபார்த்துச் சுட, நான் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னியவள்.

"ரிட்டயர் ஆயாச்சு. இனி ரெண்டு பேருஞ் சேர்ந்து சுடலாம் அம்மிணி" என்றீர்கள். உங்கள் ஆறடிக்கு ஏற்ற துப்பாக்கி எனக்கு ரொம்ப நீளம். விசைக்கு விரல் எட்டவே இல்லை.

"எனக்காக உங்க துப்பாக்கிய வெட்ட வேண்டாமுங்க" என்றேன்.

"போச்சாது, வெட்டுனா என்ன? அசையாம நில்லு கண்ணு" என்று பென்சிலால் கோடு போட்டுவிட்டீர்கள்.

சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வையை விரித்தீர்கள். மரம் சிலும்பாமல் இருக்கக் கோட்டைச் சுற்றி டேப் ஒட்டி, தோளில் பதியும் பின்கட்டையில் ஒன்றரை அங்குலத்தை அறுத்து எடுத்தீர்கள். உப்புத்தாள் தேய்த்த தூள் அன்றைக்கு சாம்பார் வரைக்கும் வந்தது. ரப்பர் தகட்டைத் திருகி மாட்டிக் கொடுத்தபோது, எனக்கென்றே செய்ததுபோல் தோளில் உட்கார்ந்தது. அந்த வாரம் நான் சுட்டேன், நீங்கள் பெஞ்சில் இருந்தீர்கள். குறியின் நடுவில் பட்டால் கிடைக்கும் பத்து ஒன்றுகூட விழவில்லை.

"விழும். என்ன அவசரம்?" என்றீர்கள். அவசரம் இருந்திருக்கிறது மாமா. மார்ச் பிறந்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டீர்கள்.

மே மாதம்தான் மறுபடி ரேஞ்சுக்குப் போக மனசு வந்தது. பஸ் கண்டக்டர் துப்பாக்கி உறையைப் பார்த்து வீணை என்று நினைத்து, யாரையோ எழுப்பி எனக்கு இடம் கொடுத்தார். நானும் திருத்தவில்லை. அங்கே போய்த் தோளில் வைத்தால், துப்பாக்கி குட்டை! கட்டைவிரல் மூக்கில் இடிக்கிறது, கழுத்து ஒடுங்குகிறது. சாப்பிடாமல் கிடந்ததில் நான்தான் உருக்குலைந்துவிட்டேனோ என்று பயந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. நீங்கள் அளவெடுத்த அன்று நான் போட்டிருந்தது அந்தத் தடி ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை. அந்தக் கனம் தோளில் இல்லாததால்தான் இப்போது துப்பாக்கி குட்டை. முப்பது வருஷம் அரசாங்கத்துக்கு வரைபடம் போட்ட மனுஷருக்கு இது தோன்றவில்லையா? கோயமுத்தூர்க்காரருக்கு டில்லிக் குளிர் வந்தால் அது போகவே போகாது என்று நினைப்பு. வெயில் வருவதற்குள் போய்விட்டதால் தப்பு தெரியாமலே போனீர்கள். நான் யாரிடம் போய்ச் சண்டை போட?

"பெஹன்ஜி, ஆதா இஞ்ச் லகா தேங்கே, பஸ்" என்று ரேஞ்சில் கோச் அன்றைக்கே கையை நீட்டியிருந்தார். அரை அங்குலம் வைத்தால் போதுமாம். நான் கொடுக்கவில்லை. உங்கள் கை கடைசியாகச் செய்த வேலை அது. அதில் இன்னொருவர் திருப்புளி வைப்பதா?

அடுத்த ஞாயிறு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போனேன். ஆமாம், மே மாதத்தில்தான். சால்வையும் உண்டு. எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் அளவு அச்சாகப் பொருந்தியது. பத்தாவது குண்டில் கண் இருட்டிக்கொண்டு வர, பெஞ்சில் வந்து விழுந்தேன். கோச் தண்ணீர் கொடுத்துவிட்டு, "பாய்சாப் ஹோதே தோ க்யா கெஹ்தே?" என்று கேட்டார். நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

"கழட்டு மொதல்ல அத!" என்று கத்தியிருப்பீர்கள். உடனே வீட்டுக்கு வந்து ரம்பத்தைத் தேடியிருப்பீர்கள்.

அதனால்தான் ஃபிரிட்ஜ் ஆடுகிறது. அந்தத் துண்டிலிருந்து அரை அங்குலத்தை நேற்று நானே அறுத்தேன். கோணல்தான், தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்தேன். எஸ்.டி.டி. பூத்துக்குப் பக்கத்துக் கடையில் நீளத் திருகாணி வாங்கி மாட்டினேன். மிச்சத்தை ஃபிரிட்ஜுக்கு அடியில் மறுபடி வைத்தேன், உயரம் போதவில்லை.

இன்று காலை பருத்திச் சேலையோடு போய்ச் சுட்டேன். முப்பது குண்டில் ஒரு பத்து விழுந்தது. ஒன்றே ஒன்று. சட்டென்று திரும்பி பெஞ்சைப் பார்த்துவிட்டேன். எனக்கு உங்களைத் தேடுகிறது மாமா. காலையில் இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றை மறுபடி கவிழ்க்கிறேன். அந்தப் பத்து விழுந்த குறி அட்டையை மேஜையில் உங்கள் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஒரு வாக்கு தருகிறேன். அந்த அரை அங்குலத்துக்குப் பசை போடவில்லை, திருகாணி மட்டும்தான். ஜனவரியில் பனி இறங்கும் முதல் ஞாயிறு அதைக் கழற்றி வைத்துவிட்டு, அதே ஸ்வெட்டரும் சால்வையுமாக வந்து நிற்பேன். அன்றைக்கு நீங்கள் எடுத்த அளவு சரியாக இருக்கும். அசையாமல் நிற்பேன்.

உங்கள்
அம்மிணி